கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கில் நம் நாட்டுக்கே உரிய தாவரங்கள்

(மலைநாட்டு நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான பாடம்)

நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறி பயிரிடும் ஒருவர் தமது நிலத்திலுள்ள பயிர்களை எண்ணிப் பார்ப்பாராயின், அவற்றுள் இம்மலைக்குச் சொந்தமானது பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதைக் காண்பார். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் அந்தீசு மலைகளிலே தோன்றியது. போஞ்சியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிரே. கோவா, நோக்கோல், பீட்றூட் என்பனவற்றின் முன்னோர் ஐரோப்பாவின் கடற்கரைகளில் வளர்ந்த பூண்டுகளாம். தேயிலை சீனத்திலும் அசாமிலும் இருந்து வந்தது. தோட்ட எல்லையில் நிற்கும் யூக்கலிப்டசும், தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியாவும் ஆஸ்திரேலிய மரங்கள். மேட்டு நிலங்களில் வரிசையாய் நடப்பட்ட பைன் கரிபியன் கடற்பகுதியைச் சேர்ந்தது. அப்படியாயின் இம்மலையின் சொந்த மரஞ்செடிகள் எவை, அவை எங்கே போயின, எஞ்சியவை எங்கே நிற்கின்றன என்னும் வினாக்கள் எழும். இவ்வினாக்கள் தாவரவியலாருக்கு மட்டும் உரியனவல்ல. எஞ்சியவை பெரும்பாலும் உங்கள் பாத்திகளுக்குக் கீழே ஓடும் ஓடைக் கரைகளில் நிற்கின்றன. அவற்றின் ஆயுள் உங்கள் மம்பட்டியின் நுனியில் இருக்கிறது.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு நாட்டில் மனிதர் கொண்டுவராமல் இயற்கையாய் வளர்வது சுதேச இனம் எனப்படும். அவ்வினமே உலகில் வேறெந்த நாட்டிலும் இயற்கையாய்க் காணப்படாவிடின் அதனை அந்நாட்டுக்கே உரிய இனம் என்பர். எல்லா உரிய இனங்களும் சுதேச இனங்களே. ஆயின் சுதேச இனங்கள் யாவும் உரிய இனங்கள் அல்ல. இலங்கையில் 2012 ஆம் ஆண்டில் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியலில் 3,154 பூக்குந் தாவர இனங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 894 இனங்கள் இலங்கைக்கே உரியவை. அதாவது நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகமானவை இத்தீவில் அழிந்தால் உலகிலும் அழிந்தனவாகும். இந்த உரிய இனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளன என்று அதே பட்டியல் கூறுகின்றது.

வித்துத் தாவரங்கள் இரு பெரும் பிரிவினவாகும். வித்து கனிக்குள் மூடப்பட்டிருப்பவை வித்துமூடியுளிகள், மூடப்படாதவை வித்துமூடியிலிகள். பைன், சைப்பிரசு முதலிய கூம்பு காய்க்கும் மரங்கள் பின்னைய பிரிவின. நம் நாட்டில் இயற்கையாய் வளரும் கூம்பு மரம் ஒன்றேனும் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். நுவரெலியாவில் நாம் காணும் கூம்பு மரங்கள் அனைத்தும் நடப்பட்டவையே. ஓடைப் பள்ளங்களிற் குடைபோல் விரிந்து நிற்கும் மரப்பன்னங்களோ வித்துடையன அல்ல. இலையின் அடியில் உண்டாகும் தூள்போன்ற வித்திகளாற் பெருகுகின்றன. அவை அழகியவை, காக்கப்பட வேண்டியவை. எனினும் இப்பாடத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

பள்ளத்தாக்கு

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அதனை அடுத்து 7,800 அடிக்கு மேற்பட்ட கிரிகல்பொத்தை மலை நிற்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீர் தரும் ஊற்றுக்கள் இவ்வுயர்நிலத்தில் உள்ளன. இங்கிருந்து இறங்கும் அக்கர ஓயா, டயகம, அக்கரப்பத்தனைப் பக்கங்களின் தேயிலை மலைகளூடாக வந்து கொத்மலை ஓயாவாகின்றது. நுவரெலியா நகரையும் கிறகரி ஏரியையும் கடந்துவரும் நானு ஓயாவும் அதனுடன் சேர்கின்றது. பின்னர் அது ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள தலவாக்கலையைத் தாண்டி, செயின்ற் கிளெயர் நீர்வீழ்ச்சியாய் விழுந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, கம்பளைக்கு மேற்புறத்தே மகாவலியுடன் கலக்கின்றது. நீர்த்தேக்கம் நிறையும்போது அதன் மட்டம் ஏறத்தாழ 2,300 அடி. ஆகவே, ஒரு துளி நீர் சமவெளியிலிருந்து கொத்மலைக்கு வருமுன் நாலாயிரத்து எழுநூறு அடி இறங்குகின்றது. இவ்விறக்கத்திற் குளிரும் மழையும் மண்ணும் படிப்படியாய் மாறுவதால் தாவரங்களும் மாறுகின்றன. ஒரே ஆற்றின் கரையில் இத்துணை வகைத் தாவரங்கள் வாழ்வதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் தனிமை. இலங்கை கடலாற் சூழப்பட்ட தீவு. அதனுள் ஈரவலயம் வறண்ட சமநிலங்களாற் சூழப்பட்ட இன்னொரு தீவு. அந்த ஈரவலயத்துள் 5,000 அடிக்கு மேற்பட்ட குளிர்மலை மூன்றாவது தீவு. குளிர்மலைத் தாவரத்தின் வித்து அனுராதபுரத்து வெயிலிற் பிழைத்து நீலகிரியை அடைதல் அரிது. ஆகையால் நீலகிரியில் உள்ள இனங்களுக்கு நெருங்கிய உறவினவாயிருந்தும் நம் மலைச் செடிகள் பல இலட்சம் ஆண்டுகளிற் தனித்தனி இனங்களாய் மாறின. சிவப்புப் பூங்கொத்துக்களாற் சமவெளியை அழகு செய்யும் மகாரத்மல் இதற்கு நல்ல உதாரணம். இதே மரம் இமயமலையிலும் நீலகிரியிலும் உண்டு. ஆயினும் நம் நாட்டு மரம் தடித்த இலையும் வேறு சில இயல்புகளும் உடையதாய், இலங்கைக்கே உரிய உபஇனமாய்க் கொள்ளப்படுகின்றது.

முகில்வனம்

மேலிருந்து கீழாக நீரோடு இறங்குவோம். உச்சியில் இருப்பது முகில்வனம். இங்கு மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுக்கேறியவை, முடிகள் குடைபோற் தட்டையானவை. இவற்றுள் தலைமையானது கீனா மரமாகும். தாவரவியலார் இதனைக் கலோபில்லம் வோக்கெரி என்பர். 1830-களில் நுவரெலியாச் சுற்றுப்புறத்திற் செடிகள் சேகரித்த கேணல் வோக்கர், அவர் மனைவியார் ஆகியோரின் பெயர் இம்மரத்தில் நிலைபெற்றுள்ளது. கீனாவுடன் நாவற் குடும்பத்தைச் சேர்ந்த பல மரங்கள் நிற்கின்றன. சிங்களவர் இவற்றைத் தம்ப என்பர். இவற்றின் இளந்தளிர்கள் செந்நிறமாயிருப்பதால் தளிர்க்கும் காலத்திற் காடே பூத்ததுபோற் தோன்றும். கறுவாவின் உறவான காட்டுக் கறுவாவும் இங்கு உண்டு. வணிகக் கறுவாவைத் தவிர ஏழு காட்டுக் கறுவா இனங்கள் இலங்கைக்கே உரியன. அவற்றுள் ஒன்று இம்முகில்வனத்தில் வாழ்கின்றது.

தேயிலையைப் பறித்து வாழ்வோருக்கு இன்னொரு செய்தி சுவை தருவதாகும். தேயிலை இந்நாட்டதன்று, ஆனால் தேயிலைக் குடும்பத்து மரங்கள் இந்நாட்டில் முன்னரே இருந்தன. மிஹிரிய எனப்படும் அம்மரங்களின் பூவை எடுத்துத் தேயிலைப் பூவுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இதழ்களின் அடுக்கும் நடுவிலுள்ள மஞ்சட் கேசரக் கற்றையும் ஒரே தாயின் மக்கள்போல் இருக்கும். மிஹிரிய இனங்கள் இலங்கைக்கே உரியவை. தேயிலை நடுவதற்காக வெட்டப்பட்ட காடுகளில் அதன் உறவினரும் வெட்டுண்டனர்.

சிவனொளிபாதமலைக் காடுகளில் வேறொரு சிறப்பு உண்டு. அங்கு வளரும் ஸ்டெமனோபோரசு என்னும் சாதி (பல இனங்கள் சேர்ந்த தொகுதியையே தாவரவியலார் சாதி என்பர்) முழுவதும் இலங்கைக்கே உரியது. ஓர் இனம் மட்டுமன்றி ஒரு சாதியே வேறெங்கும் இல்லாதிருத்தல் அரிய செய்தியாகும்.

முகில்வனத்தின் அடியில் புதராய் அடர்ந்திருப்பது நெலு. தமிழ்நாட்டில் குறிஞ்சி நிலத்துக்குப் பெயர் தந்த குறிஞ்சிச் செடியும் நெலுவும் ஒரே சாதியின. நீலகிரிக் குறிஞ்சி இங்கில்லை. ஆயினும் அதே இயல்புடைய நெலு இனங்கள் இங்குப் பல உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை இலங்கைக்கே உரியன. சில இனங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாய் வளர்ந்து, ஒரே காலத்தில் எல்லாம் பூத்து, வித்திட்டு, பின்னர் எல்லாம் மடிந்து போகின்றன. 2013 ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளியில் இவ்வாறு பெரும் பூப்பு நிகழ்ந்தது. வித்து உதிரும் காலத்திற் காட்டுக்கோழிகள் கூட்டமாய் வந்து அதனை உண்ணும். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் வித்திடும் செடியை ஒருமுறை வெட்டினால் ஓராண்டு வித்து நட்டம். நெலுவைப் பதினோராம் ஆண்டில் வெட்டினால் பதினோராண்டு வளர்ச்சியும் வீண். அவ்விடத்தில் விதைப்பதற்கு வேறு வித்தும் இல்லை. ஓடைக்கரை நெலுப்புதரை விறகுக்கென்று துப்புரவு செய்பவர் இக்கணக்கை அறிவதில்லை.

பத்தனை, ஓடை, பாறை

காட்டுக்கு இடையிடையே உள்ள புல்வெளியைப் பத்தனை என்கிறோம். தாழ்ந்த பத்தனைகளில் நாம் நன்கறிந்த மானாப்புல் வளர்கின்றது. உயர்ந்த பத்தனைகளிற் குறும்புற்களும் அவற்றினிடையே அரிய பூண்டுகளும் உள்ளன. நீலநிறப் பினரப் பூவும் மஞ்சட் பூவுடைய நாகமாரு என்னும் நிலத்து ஓர்க்கிட்டும் இவற்றுட் சில. நாகமாருவின் கிழங்கு வசியமருந்துக்கு ஆகுமென்ற நம்பிக்கையாற் பலர் அதனைத் தோண்டியெடுத்து, அது பல இடங்களில் அருகிவிட்டது. அக்கிழங்கினால் எவர் மனமும் மாறியதாய் நாம் கேள்விப்பட்டதில்லை. செடி அழிந்ததைக் கண்ணாற் காண்கின்றோம்.

ஓடைக் கரையில் நிழலும் ஈரமும் உள்ள இடங்களிற் காசித்தும்பையின் காட்டு உறவினங்கள் வளர்கின்றன. இவற்றின் தண்டு நீர் நிறைந்து கண்ணாடிபோல் இருக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து வித்தைத் தெறிக்கும். இலங்கைக்கே உரிய இனங்கள் இவற்றிலும் பல. ஒரு வாரம் வெயில் பட்டால் இவை வாடி மடியும். ஆகையால் ஓர் ஓடையின் உடல்நலத்தை அறிய விரும்பும் ஒருவர், கரையில் இக்காசித்தும்பை நிற்கின்றதா என்று பார்த்தாற் போதும். குருண எனப்படும் சிறுமூங்கிலும் உயர்மலை ஓடைகளின் கரையைப் பற்றி நிற்கின்றது. ஏல இனமொன்றும் நம் காடுகளுக்கே உரியது. சிங்களவர் அதனை என்சல் என்பர். வணிக ஏலத்தை விட நீண்ட காய் உடையது. இலங்கைக்கே உரிய காட்டு மிளகு இனங்களும் மரங்களிற் பற்றியேறி வளர்கின்றன.

நீருக்குள்ளும் தாவரங்கள் உண்டு. ஹோட்டன் சமவெளியின் தெளிந்த ஓடைகளில் அப்பனோகிற்றன் ஜேக்கப்செனி என்னும் நீர்ச்செடி வளர்கின்றது. அது இலங்கைக்கே உரியது. ஆற்றுப் பாறைகளில் ஒட்டி வாழும் இன்னொரு குடும்பம் மிகவும் விந்தையானது. பார்வைக்குப் பாசிபோல் இருக்கும்; ஆனால் அது பூத்து வித்திடும் உயர்தாவரமேயாகும். மழைக்காலத்தில் விரைந்தோடும் நீரின் அடியில் வளர்ந்து, நீர் குறைந்து பாறை வெளிப்பட்டதும் சில நாட்களிற் பூத்து, காய்த்து, மடிகின்றது. சிறு வித்துக்கள் அடுத்த ஈரத்திற் பசைபோற் பாறையில் ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜே. சி. வில்லிஸ் இக்குடும்பத்தை நுணுகி ஆராய்ந்து 1902 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைகள் இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றன. இவ்வகைத் தாவரத்துக்குத் தெளிந்த நீரும் துப்புரவான பாறையும் ஒழுங்காய் வரும் வெள்ளமும் வற்றலும் வேண்டும். பாறைமீது சேறு படிந்தால் வித்து ஒட்டாது. அச்சேறு எங்கிருந்து வருகின்றது என்பதை மரக்கறித் தோட்டம் உடையோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காடு சென்ற வழி

இந்தப் பள்ளத்தாக்கின் காடு முதலிற் கோப்பிக்காகவும், 1869 இற் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. 1873 ஆம் ஆண்டளவில், கியூப் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 5,000 அடிக்கு மேற்பட்ட அரசகாடுகளைத் தோட்டங்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. இன்று நுவரெலியாவைச் சூழ முகில்வனம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இத்தீர்மானத்தின் பயனே. அக்காலத்திற் காட்டின் அழகைக் கருதி இதனைச் செய்தனர் என்று எண்ணவேண்டாம். ஆறுகள் வற்றும் என்ற அச்சமே காரணம். 1960-களில் ஹோட்டன் சமவெளியிலும் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. உழுத இடங்களிற் பழைய பத்தனைப் பூண்டுகள் இன்னும் முழுமையாய்த் திரும்பவில்லை. பிறநாட்டுப் புற்களே மிகுந்துள்ளன. சமவெளி 1988 இல் தேசிய வனமாயிற்று. 2010 இல் அதுவும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்ந்து மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

எனினும் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருப்பது மட்டும் போதாது. சமவெளிக் காட்டிற் கீனா முதலிய மரங்கள் நுனியிலிருந்து கருகி மடிதல் பல ஆண்டுகளாய்க் காணப்படுகின்றது. எல்லைக்கு வெளியே, 5,000 அடிக்குக் கீழே, காட்டுத் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. ஓடைப் பள்ளங்களில் ஒடுங்கிய பட்டிகளாக மட்டுமே பழைய மரங்கள் நிற்கின்றன. மேற்காட்டிலிருந்து கீழ்க்காட்டுக்குப் பறவையும் வண்டும் வித்தும் செல்வதற்கு இப்பட்டிகளே வழி.

செய்கையாளருக்கு இதனால் வருவது யாது?

மலைநாட்டு வகுப்புக்களில் இவ்வினா எப்பொழுதும் கேட்கப்படுகின்றது, கேட்பது நியாயமே. லீக்ஸ் விலை ஏறியிருக்கும் பருவத்தில் ஓடைக்கரையிற் பத்தடி நிலத்தைச் சும்மா விடு என்று சொல்வது எளிதன்று. லயத்தை அடுத்து நாலைந்து பேர்ச் நிலம் மட்டும் உள்ள தோட்டத் தொழிலாளிக்கு அது இன்னும் கடினம். ஆகவே மிகைபடக் கூறாமல் உண்மையை மட்டும் சொல்வோம்.

தேனீக்களின் உதவியைப் பற்றிப் பலர் பொதுவாய்ப் பேசுவர். கோவா, கரட், லீக்ஸ், பீட்றூட் என்பனவற்றைப் பூக்குமுன் அறுவடை செய்கிறோம். அவற்றுக்குத் தேனீ தேவையில்லை. போஞ்சி பெரும்பாலும் தன்னிற்தானே கருக்கட்டும். பூசணி, வெள்ளரி, பாகல், பெஷன் பழம் ஆகியவற்றுக்கு வண்டும் தேனீயும் இன்றியமையாதவை. விதைக்காகக் கரட்டோ கோவாவோ வளர்ப்பவர்க்கும் அவ்வாறே. இவற்றைப் பயிரிடாதவர் இக்காரணத்தை விட்டுவிடலாம். கோவா இலையைத் துளைக்கும் புழுவைக் கொல்லும் சிறு குளவியினங்களோ வேறு. அவை வளர்ந்தபின் சிறுபூக்களின் தேனை உண்டு வாழ்வன. கரையிற் பூச்செடி இல்லாத தோட்டத்தில் அவை நீடித்திரா. மருந்துச் செலவில் அலுத்தவர்கள் இதனைச் சிந்திக்கலாம்.

நீரே பெருங்காரணம். முகில்வனத்தின் இலைகளும் கிளைகளிற் படர்ந்த பாசிகளும் மூடுபனியிலிருந்து நீரைப் பிடித்து நிலத்தில் விடுகின்றன. தளர்ந்த காட்டுமண் அதனை உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்குக் கொடுக்கின்றது. தை முதல் பங்குனி வரை மழை குறைந்திருக்கும்போது உங்கள் நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாய்க்கு வரும் நீர் முன்மழையில் காட்டுமண் சேமித்ததேயாம். மேலே காட்டைத் துப்புரவு செய்தவரும் கீழே நீரில்லை என்று முறையிடுபவரும் சில வேளைகளில் ஒரே குடும்பத்தவராய் இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

மண்ணும் அவ்வாறே. செங்குத்தான சாய்வில் உருளைக்கிழங்கு கிண்டும் காலத்திற் பெருமழை பெய்தால் மேல்மண் ஒரே நாளில் ஓடைக்கு இறங்கும். அதனுடன் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய உரமும் கோழியெருவும் இறங்கும். கீழே கொத்மலை வயற்காரரின் வாய்க்காலில் மணலும் சேறும் அடைக்கும். நீர்த்தேக்கங்களின் கொள்ளளவும் குறையும். 1951 ஆம் ஆண்டு மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதன் நோக்கம் இதனைத் தடுத்தலேயாம். கரையிலுள்ள மரவேர்ப் பின்னலும் சருகுப் படுக்கையும் ஓடிவரும் மண்ணிற் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தும். கற்கட்டு சரிந்தால் மீண்டும் கட்டவேண்டும். வேர்ப்பின்னல் ஆண்டுதோறும் தானே வலுப்பெறும்.

நெற்செய்கையாளருக்கு வேறோர் உதாரணம் கூறுவோம். 1970-களில் ஆசிய நாடுகளின் நெல்லைப் புற்குட்டை நோய் என்னும் வைரசு நோய் தாக்கியது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்தும் எதிர்ப்புச் சக்தி கிட்டவில்லை. இறுதியில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திற் சேகரித்த நிவாரா என்னும் காட்டுநெல்லின் ஒரு மாதிரியில் அது கிடைத்தது. 1976 இல் வெளியான ஐ.ஆர். 36 நெல்லில் அக்காட்டுநெல்லின் எதிர்ப்புச் சக்தி சேர்ந்துள்ளது. இலங்கையில் ஐந்து காட்டுநெல் இனங்கள் உண்டு. அவற்றுள் நிவாராவும் ஒன்று. றைசோமற்றிசு என்னும் மற்றொன்று உலர்வலயத்தில் மட்டும் வளர்ந்து நம் நாட்டுக்கே உரியதாய் விளங்குகின்றது. களையென்று பிடுங்கத்தக்க ஒரு புல்லிடம் ஒரு கண்டத்தின் சோறு தங்கியிருந்தது. இவ்வகை வித்துக்களைப் பேணுதற்கு 1988 இல் கன்னொறுவையிற் தாவர மரபுவள நிலையம் நிறுவப்பட்டது. ஆயினும் காட்டு மரங்கள் பலவற்றின் வித்தை உலர்த்திக் குளிரறையில் வைத்தால் உயிர் போய்விடும். அவற்றுக்குக் கரையே களஞ்சியம்.

அன்னியச் செடிகள்

ஓடைக்கரையைக் கெடுப்பது கத்தி மட்டுமன்று. நிழலான கான்களிலும் ஓடையோரங்களிலும் வெண்பூப் பூத்து அடர்ந்து பரவும் அஜெரற்றினா என்னும் மெக்சிக்கோ நாட்டுச் செடியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் வித்துக் காற்றிலும் நீரிலும் செல்லும். காசித்தும்பையும் நெலு நாற்றும் முளைக்கும் இடத்தை அது முற்றாய் மூடிவிடும். பூக்குமுன் வேருடன் பிடுங்கிக் கரைக்கு அப்பால் உலர்த்துதல் வேண்டும். ஓடையில் எறிந்தால் கீழுள்ளவர் நிலத்தில் விதைத்தது போலாகும். மஞ்சட் பூவும் முள்ளுமுடைய கோர்ஸ் என்னும் ஐரோப்பியப் புதர் ஹோட்டன் சமவெளியில் தொல்லை தருகின்றது. இதன் வித்துப் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கும். தீ வைத்தால் அழிவதற்குப் பதிலாக முளைக்கும். ஆகையால் இதனை எரித்தல் கூடாது. பிடுங்கி, வரும் நாற்றுக்களையும் ஆண்டுதோறும் பிடுங்குதல் வேண்டும்.

காட்டுச் சூரியகாந்தியைப் பற்றி இரு கருத்து உண்டு. அதன் தழை நெல்வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நல்ல பசளை. தழைச்சத்தும் சாம்பற்சத்தும் மிகுந்தது. அதனை ஒழிக்குமாறு நாம் கூறவில்லை. வரம்பிலும் வழியோரத்திலும் வைத்து, பூக்குமுன் வெட்டிப் பயன்படுத்துக. ஓடைக் கரையில் மட்டும் வேரூன்ற விடாதீர்கள்.

கரைப்பட்டி அமைத்தல்

மிகுந்த செலவின்றிச் செய்யத்தக்க முறை இதுவாகும். ஓடையின் இருபுறமும் முதலிற் பத்தடி அகலத்தைக் கிண்டாமல் விடுக. இடமில்லாதார் ஆறடியேனும் விடுக. இரண்டு ஆண்டுகளின் பின் பயனைக் கண்டு அகலத்தைத் தாமே தீர்மானிக்கலாம். மேலேயுள்ள பாத்திகளின் கான்களை நேரே ஓடைக்கு விடாமல், சாய்வுக்குக் குறுக்காய்த் திருப்பி, முடிவில் மண் தங்கும் குழியொன்று வெட்டுக. குழியிற் சேர்ந்த மண்ணை அறுவடை முடிந்ததும் பாத்திக்கே திருப்பியெடுக்கலாம். பாத்திகளை மானாப்புல்லினால் மூடினால் குழி நிறையும் வேகம் குறைவதைக் காண்பீர்கள்.

விட்ட பட்டியில் எஞ்சிய பழைய மரம் ஒன்று நின்றாலும் அதன்கீழ் நாற்றுக்கள் தாமே முளைக்கும். அங்கு நமக்குள்ள வேலை அன்னியச் செடிகளைப் பிடுங்குதலும் ஆடுமாடுகளை விலக்குதலும் மட்டுமே. மரமே இல்லாத கரையில் நடவேண்டும். நாவற் குடும்பத்துத் தம்ப மரங்களின் கனி உதிர்ந்தவுடன் சதையை நீக்கி, உலர்த்தாமல், சில நாட்களுக்குள் நிழலில் விதைக்க வேண்டும். ஒரு மாதம் பெட்டியில் வைத்து எடுத்தால் ஒன்றும் முளையாது. கீனாவின் உருண்டைக் காயையும் புதிதாகவே விதைத்தல் நன்று. மிஹிரியவின் காய் மரத்தன்மை வாய்ந்தது. முற்றியதும் வெடித்துச் சிறகுடைய வித்தைக் காற்றில் விடும். ஆகையால் வெடிக்குமுன் பறித்துக் காகிதத்தின்மேற் பரப்பி வைக்க வேண்டும். வித்துக்களை உங்கள் ஊர்ப் பள்ளங்களில் நிற்கும் மரங்களிலிருந்தே எடுக்குக. ஒதுக்கக் காடுகளிலிருந்து நாற்றோ வித்தோ எடுத்தல் சட்டத்துக்கு மாறானது. மேலும் 7,000 அடியில் வளர்ந்த மரத்தின் வித்து 4,000 அடியிற் செழிக்குமென்பதும் நிச்சயமில்லை.

நாற்று ஓரடி உயரமானதும் ஆறடிக்கு ஒன்றாக நடலாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையுடன் நடுதல் ஏற்றது. நுவரெலியாவுக்குக் கிழக்கே கந்தப்பளை, வலப்பனைப் பக்கங்களில் ஐப்பசி மழை வரை காத்திருப்பது நல்லது. முதலிரண்டு ஆண்டுகளும் சுற்றிலும் புல்லை அறுத்து அங்கேயே மூடாக்காய் இடுக.

மரம் வளர்ந்தாற் பாத்தியில் நிழல் விழும் என்று சிலர் தடை கூறுவர். ஒடுங்கிய பள்ளத்தின் இருபுறமும் பாத்தி உள்ள இடங்களில் அது மெய்யே. அத்தகைய இடத்தில் உயர்ந்த மரங்களைத் தவிர்த்து, போவிட்டியா, குருண போன்ற தாழ்ந்த புதர்களையே வளர விடலாம். வேர்ப்பிடிப்புச் சற்றுக் குறையும். ஆயினும் வெறுங்கரையை விடப் பல மடங்கு மேலானது.

பெயர் தெரியாச் செடி

2012 ஆம் ஆண்டில் அழிந்துபோனதாய்க் கொள்ளப்பட்ட குருடியா என்னும் அவரைக் குடும்பத்து மரம் 2019 இல் கம்பஹாவிற் தெருவோரத்தே கண்டுபிடிக்கப்பட்டது. அறிஞர் இல்லையென்று எழுதியது மக்கள் நாள்தோறும் கடந்துசென்ற இடத்தில் நின்றது. நம் பள்ளத்தாக்கின் கரைகள் அந்த அளவுக்கேனும் தேடப்படவில்லை. ஆகவே துப்புரவு செய்யுமுன், பெயர் தெரியாத மரமோ செடியோ காணப்பட்டால் அதனை விட்டுவைத்து, பூவோ காயோ உள்ள ஒரு சிறு கிளையை மட்டும் வெட்டுக. அதனைப் பழைய செய்தித்தாள்களின் நடுவே விரித்து வைத்து, மேலே கனமான பலகை ஏற்றி, ஈரமான தாள்களை நாள்தோறும் மாற்றி ஒரு வாரம் உலர்த்துக. எடுத்த தேதி, தோட்டத்தின் பெயரும் பிரிவும், ஓடையின் பெயர், பூவின் நிறம், மரத்தின் உயரம் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி உடன் வைக்குக. பூவின் நிறம் உலர்ந்ததும் மாறிவிடும்; ஆகையாற் பறித்த அன்றே எழுதுதல் அவசியம். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் அதனை ஒப்படைத்தால், அவர் ஹக்கலைப் பூங்காவுக்கோ பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சாலைக்கோ அனுப்பிப் பெயரை அறிந்து சொல்வார். விடை வரும் வரை அக்கரையிற் கத்தி வைக்க வேண்டாம்.